விலை இறங்கும், பொறுப்பு இறங்காது

விரைவை விரும்பாத இளமை இல்லை. தேரும் புரவியும் பாடப்பெற்ற காலந்தொட்டே, தன் கால்களின் எல்லையைக் கடந்து செல்ல மனிதன் விழைந்து வந்திருக்கிறான். அவ்விழைவு பழிக்கத்தக்கதன்று. ஆயினும், அதை நிறைவேற்றிக்கொள்ள நாம் தரும் விலை எவ்வளவு என்பதை ஆய்ந்து பார்த்தல் அறிவுடையார் கடனாகும்.

தமிழ்த்துறை மலரில் மகிழுந்தைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். வகுப்பு முடிந்து வெளிவரும் என் மாணவர்கள் கைப்பேசியில் பழைய வண்டிகளின் விலையைப் பார்த்து, "ஐயா, புதிதாக வந்தபோது முப்பது இலட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, இன்று பாதி விலைக்கும் குறைவு" என்று வியக்கின்றனர். அந்த வியப்புக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றல்மிக்க மகிழுந்து என்றதும் இருவர் மட்டுமே அமரும் பந்தய வண்டியை எண்ண வேண்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் 200 மட்டுமே விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 என்னும் வண்டியைக் கூறலாம். அன்று அதன் விலை ஏறத்தாழ 36 இலட்சம். பார்வைக்குக் குடும்ப வண்டி. பின்புறம் விசாலமான பெட்டி. முன்புறமோ 245 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் சென்று, மாலையில் காய்கறி வாங்கித் திரும்புவதற்கும் இத்தகைய வண்டி உதவும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இளைஞர் இதனை விரும்புவதன் காரணமும் அதுவே.

என் தமக்கை மகன் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நாள்தோறும் பணிக்குச் சென்று வருபவன். சில ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பொருளில் 14 இலட்சம் கொடுத்து, ஆறாண்டு ஓடிய இத்தகைய வண்டியொன்றை வாங்கினான். அதன் பெயர் ஈண்டு வேண்டா. வட்டிக்குக் கடன் வாங்கலாகாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். எனவே, சேமிப்பு முழுவதையும் எண்ணிக் கொடுத்தான். கடனின்றி வாங்கியது நன்று. கையிருப்பின்றி வாங்கியதே பிழையாயிற்று.

எட்டாம் மாதம் கியர்ப் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதுற்றது. பழுது நீக்க 1,85,000 ரூபாய் கேட்டார்கள். இரண்டு வாரம் பேருந்தில் சென்றவன், ஒரு நாள் இரவு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். "மாமா, வண்டியை வாங்கினேனே தவிர, அதை வைத்திருக்கும் வகையை எண்ணவில்லை" என்றான். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த தொகையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினொரு மாதங்களில் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்துவிட்டான். ஆயினும், அந்தப் பதினொரு மாதமும் கட்டண நாள் வரும்போதெல்லாம் என் நெஞ்சு பட்ட பாட்டை நான் மறந்தேனில்லை. ஒருவன் விரும்பிய வேகத்தின் சுமையை அவன் மட்டுமே சுமப்பதில்லை.

வண்டிக்கு வயது ஏற ஏற அதன் விலை இறங்குகிறது. ஆனால் அதற்குரிய உதிரிப் பாகங்களும் டயர்களும் எண்ணெயும் புதிய வண்டியின் விலையிலேயே கிடைக்கின்றன. பதினான்கு இலட்சத்துக்கு வாங்கினாலும், பேணும்போது அது முப்பது இலட்சத்து வண்டியே. முதல் உரிமையாளர் மேற்கொண்ட பொறுப்பை முழுமையாக ஏற்க இயலாதவர், அவர் விற்கும் வண்டியை வாங்குதல் தகாது.

அதன் உள்ளமைப்பை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். டர்போ என்னும் காற்றழுத்தச் சுழலி நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலவல்லது. அதனைக் காப்பது எஞ்சின் எண்ணெயே. எண்ணெய் சூடேறுமுன் வண்டியை விரட்டுதலும், விரைந்தோட்டி வந்த உடனே எஞ்சினை நிறுத்துதலும் அதன் வாழ்நாளைக் குறைக்கும். எண்ணெயில் தோய்ந்த இரட்டைக் கிளட்சு கொண்ட கியர்ப் பெட்டியாயின், பலவற்றில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் எண்ணெயை மாற்றியாக வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவியது. அதற்கேற்ற பொருள்களால் அமைந்த வண்டிகள் வரத் தொடங்கியதோ 2023 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியை வாங்குவோர், தயாரிப்பாளரின் கையேடு எவ்வளவு எத்தனாலை ஏற்கிறது என்று பார்த்தல் இன்றியமையாதது.

ஆகவே, வாங்க விழைவோர் கண்ணைக் கவரும் வண்ணத்தை விடுத்துத் தாள்களை முதலில் படிக்க வேண்டும். பராமரிப்புப் பதிவேடு தொடர்ச்சியாக உள்ளதா? எத்தனை உரிமையாளர் மாறினர்? காப்பீட்டில் விபத்து இழப்பீடு பெறப்பட்டுள்ளதா? வங்கிக் கடன் தீர்ந்ததற்குச் சான்று உண்டா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. கணினிக் கருவியைப் பொருத்திப் பிழைக் குறிப்புகளைப் பார்க்கவல்ல மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நலம். அவருக்குத் தரும் கூலி வீண் செலவன்று. விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. குறையை மறைத்து விற்ற பொருளின் பணம் நிலைப்பதில்லை என்பது நம் மூத்தோர் கடைத்தெருவில் காத்த அறம்.

என் கருத்தில், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க இயலாதவர் அவ்வண்டியை வாங்காதிருத்தலே நன்று. எடுத்துவைக்க இயன்றவர் தயங்காமல் வாங்கலாம், நாள்தோறும் ஓட்டலாம். மாதக்கணக்கில் நின்று கிடக்கும் வண்டியைவிட அளவோடு ஓடும் வண்டியே நலமாக இருக்கும்.

இறுதியாக ஒன்று. 245 குதிரைத்திறன் முழுவதையும் காட்டுதற்குரிய சாலை நம் ஊர்களில் இல்லை. வேகத்தடையும் மிதிவண்டியும் பள்ளிப் பிள்ளையும் உள்ள சாலை அது. வேகத்தை அளந்து பார்க்க விரும்புவோர்க்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தயக் களங்கள் உள்ளன. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவையைச் சேர்ந்தவர். அத்தகையோர் வேகம் பழகும் இடம் களமேயன்றித் தெருவன்று.

பெற்றோரும் பெரியோரும் பிள்ளையின் விருப்பத்தைச் சினந்து ஒதுக்க வேண்டா. அவனுடன் அமர்ந்து கணக்கிடுங்கள். மாணவச் செல்வங்களே, காலடியில் பேராற்றல் இருந்தும் தேவையான அளவே அதனைப் பயன்படுத்துவதில்தான் ஓட்டுபவரின் தகுதி விளங்கும். என் தமக்கை மகன் இன்றும் அதே வண்டியில்தான் வேலூர் சென்று வருகிறான். மாதந்தோறும் அதன் பெயரில் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டே செல்கிறான்.