உருளும் இல்லம்

1885ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையொன்றில் தமக்கென ஒரு வண்டி செய்வித்தார். படுக்கை, அடுப்பு, நூல் அலுமாரி யாவும் அதனுள் அமைந்திருந்தன. இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து வடக்கே இன்வர்னஸ் நகர் வரை அதிற் பிரயாணஞ் செய்தார். வண்டியோ பெரிது, வழிகளோ குறுகியவை. ஆதலின் அவருடைய பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி பார்த்துவர வேண்டியிருந்தது. உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பெற்ற முதல் வீட்டு வண்டி இதுவே என்பர்.

இன்று பிரித்தானியாவில் கோடை விடுமுறை வந்ததும் இத்தகைய வண்டிகள் கடற்கரைகளையும் மலைச்சாரல்களையும் நாடிச் செல்கின்றன. அங்கு வாழும் எம்மவர் குடும்பங்களுக்கும் அந்த ஆசை உண்டு. எந்த வண்டியைத் தெரிவது என்பதே கேள்வி.

வகைகள் மூன்று. முதலாவது, கார் இழுத்துச் செல்லும் கரவன். போய்ச் சேர்ந்ததும் அதைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஊர் பார்க்கலாம். இரண்டாவது, எஞ்சினும் வீடும் ஒன்றாய் அமைந்த மோட்டார் வீடு. மூன்றாவது, 1951இல் ஜேர்மனியின் வெஸ்ற்பாலியா நிறுவனம் வொக்ஸ்வேகன் வானுக்குள் படுக்கையும் அலுமாரியும் அமைத்துப் பரவச் செய்த சிறு வான். நகரத் தெருவிலும் இதை எளிதில் நிறுத்தலாம்; ஆனால் நால்வருக்கு மேற்பட்ட குடும்பத்துக்கு இடம் போதாது.

விற்பனையாளர் முதலிற் காட்டுவது படுக்கைகளை. நாம் முதலில் எண்ண வேண்டியவை ஆசனப்பட்டியுள்ள இருக்கைகள். ஆறு படுக்கைகள் உள்ள மோட்டார் வீட்டில் நான்கு இருக்கைகளுக்கே பட்டி இருத்தல் கூடும். மீதி இருவர் எங்கே அமர்வர்? பக்கவாட்டில் நோக்கும் இருக்கைகளிற் குழந்தைகளை அமர்த்துதல் ஆபத்து. கரவன் ஓடும்போது அதனுள் எவரும் இருத்தலாகாது; சட்டம் அதனைத் தடுக்கிறது.

அடுத்தது எடை. குடும்பங்கள் பெரிதும் தவறுவது இங்கேதான். 1997 ஜனவரிக்குப் பின் சாதாரண கார் அனுமதிப்பத்திரம் பெற்றோர், பெற்றோல் அல்லது டீசல் வண்டியாயின், பொதுவாக 3,500 கிலோ வரை எடையனுமதி உள்ளதையே ஓட்டலாம். மோட்டார் வீடுகள் பலவும் அந்த வரம்புக்குள்ளேயே கட்டப்படுகின்றன. சாரதியும் எரிபொருளும் சேர்ந்து, தண்ணீர் நீங்கலாக, வண்டி 3,050 கிலோ என்று கொள்வோம். எஞ்சுவது 450 கிலோ. மனைவியும் இரு பிள்ளைகளும் 150. நூறு லீற்றர் தண்ணீர் 100. பந்தற்சீலை, மேசை, கதிரைகள் 60. நான்கு மிதிவண்டிகள் 60. இனி உணவு, உடை, பாத்திரம், போர்வை யாவற்றுக்கும் இருப்பது 80 கிலோ மாத்திரமே.

பாரம் மிஞ்சினால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். சக்கரம் வெடிக்கவும் கூடும். அது சட்டப்படி குற்றமுமாகும். ஆதலின் தண்ணீரைத் தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்வதே நன்று. சாமான்களை ஏற்றிய பின் ஒருமுறை பொது எடைமேடையில் நிறுத்துப் பார்த்தல் அவசியம்.

கரவனுக்கு வேறொரு நியதி உண்டு. இழுத்துப் பழகாதவர்கள், சாமான் ஏற்றிய கரவனின் எடை காரின் எடையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பாரமான பொருள்களை அச்சின் அருகே, தாழ்வாக வைக்க வேண்டும். பின்புறம் பாரம் கூடினால் கரவன் பாம்புபோல் நெளிந்து காரையும் இழுத்துக்கொண்டு புரண்டுவிடும்.

இவ்விரண்டும் பொருந்திய பின்னரே வசதியைப் பார்க்கலாம். அதற்கும் ஒரு சோதனை உண்டு. குடும்பத்தினர் அனைவரும் ஏறி, கதவை மூடி, வெளியே மழை பெய்வதாக எண்ணிக்கொண்டு அரைமணி நேரம் இருந்து பாருங்கள். மேசையை மடித்தே படுக்கை விரிக்கவேண்டிய வண்டியாயின், சிறுவர் எட்டு மணிக்கு உறங்கிய பின் பெற்றோர் உட்கார இடமிராது. தாய் சமைக்கும்போது மற்றவர்கள் நடமாட முடியுமா? இரவில் ஒருவர் எழுந்தால் எத்தனை பேர் விழிக்க வேண்டும்? இவற்றைக் கடையில் நின்று அறிதல் அரிது. வாங்குமுன் அதே வகை வண்டியை இரண்டு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே புத்தி. அந்த வாடகை வீண்செலவு அன்று, பெருஞ்செலவுக்குக் காவல்.

முன்னே சென்று வழி பார்த்துவர அந்த வைத்தியருக்கு ஓர் ஆள் இருந்தான். நமக்கு அவ்வாறு ஒருவரும் இல்லை. புறப்படுமுன் ஒரு கடதாசியிற் போட்டுப் பார்க்கும் கணக்கே நமக்கு முன்னே செல்லும் ஆள்.