வானத்தில் ஒரு சட்டம், சாலையில் ஒரு சட்டமா?

மனிதன் பணியின்போது பேசுவது அவனுடைய தொழிலைக் காட்டும். பணி முடிந்து பேசுவது அவனுடைய உள்ளத்தைக் காட்டும். மரத்தை அதன் கனியால் அறிவது போல மனிதனை அவன் பேச்சால் அறியலாம் என்பது ஆண்டவர் இயேசுவின் போதனை. அந்த உரைகல்லில் இன்று ஒரு பேச்சை உரசிப் பார்ப்போம்.

விமானம் ஓட்டும் நம் இளைஞர் சிலர் விடுமுறையில் கூடினால் எதைப் பேசுகின்றனர்? பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் கிடைக்கும் இலவசப் பயணச்சீட்டு, சலுகை விலையில் தங்கிய அயல்நாட்டு விடுதி, அடுத்து வாங்கவிருக்கும் ஸ்போர்ட்ஸ் கார், அதன் குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் அது எட்டும் என்ற கணக்கு. திருமண வீடுகளில் இப்பேச்சு எழுந்தால் உறவினர் சூழ்ந்து நின்று வியக்கின்றனர். "உழைத்தான், பெற்றான். இதில் என்ன குற்றம், சாமி?" என்று நம்மையே கேட்கின்றனர்.

சலுகை பெறுவது குற்றமன்று. ஆனால் அது எத்துணை நிலையற்றது என்பதை நாடே கண்டது. 2012இல் கிங்ஃபிஷரும் 2019இல் ஜெட் ஏர்வேஸும் பறப்பதை நிறுத்தியபோது, சலுகைகள் மட்டுமா போயின? உழைத்த மாதங்களின் சம்பளத்திற்கே ஊழியர்கள் கையேந்தி நின்றனர். இரவலாக வந்த பெருமை இரவோடு இரவாகப் போகும். அது பெருமை பேசியவர்களின் இழப்பு. கார்ப் பேச்சோ மற்றவர்களின் உயிரைத் தொடுகிறது. எனவே அதைப் பற்றி நாம் வாளாவிருக்க இயலாது.

விமானியின் பணி எத்தகைய கட்டுப்பாட்டில் நடைபெறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பணிக்கு முன் 12 மணி நேரம் மது தொடக்கூடாது. மூச்சுச் சோதனையும் உண்டு. எத்தனை மணி நேரம் பறக்கலாம், எவ்வளவு ஓய்வு கொள்ள வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு. பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது வேகம் பொதுவாக 250 நாட்டைத் தாண்டக்கூடாது. பணிக்குத் தேவையற்ற பேச்சும் அப்போது கூடாது.

இந்தப் பேச்சுத் தடை எப்படிப் பிறந்தது? 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் விமானம் ஒன்று பனிமூட்டத்தில் தரையிறங்க முயன்று விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 82 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தரையிறங்கும் வேளையில் விமானிகள் இருவரும் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். உயரத்தைக் கவனிக்கத் தவறினர். இத்தகைய விபத்துகளின் பின்னரே 1981இல் அந்நாடு இத்தடையைச் சட்டமாக்கியது. வீண் பேச்சுக்கு விலை உண்டு என்பதை விமானிகளின் தொழிலே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது!

இத்தனை ஒழுங்கையும் முணுமுணுக்காமல் ஏற்கும் அதே கை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரின் சக்கரத்தைப் பிடித்ததும் ஏன் மாறவேண்டும்? சாலை விதியை மீறி எட்டிய வேகத்தை மறுநாள் ஏன் வீரக்கதையாகச் சொல்லவேண்டும்? விமானத்தில் முதுகுக்குப் பின்னே இருப்போர் பயணச்சீட்டு வாங்கியவர்கள். அவர்களுக்காக விதி மதிக்கப்படுகிறது. சாலையில் முன்னே குறுக்கிடுவோர் கோவளத்திலும் நெம்மேலியிலும் மீன்கூடை சுமக்கும் தாய்மார்கள், மிதிவண்டியில் பள்ளி செல்லும் பிள்ளைகள். இவர்களுடைய உயிர் மட்டும் மலிவானதா? வார இறுதியில் மாமல்லபுரம் வரும் கார்கள் நம் திருக்கழுக்குன்றம் சாலையிலும் சீறிப் பாய்வதைக் காண்கிறோம். மலையை வலம்வரும் முதியவர் எம்மதத்தவராயினும் கடவுளின் சாயல் அல்லவா?

"விமானிக்கு வேகம் பழக்கம், அவன் கை தவறாது" என்பார் உளர். ஓடுபாதையில் எதிரே எவரும் வராதபடி பார்த்துக்கொள்ளக் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் அந்தக் கோபுரம் எங்கே? வேகம் ஓட்டுபவனுக்குப் பழக்கமாயிருக்கலாம், கடப்பவளுக்குப் பழக்கமில்லையே! வேகமே வேண்டுமாயின் அதற்கென இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே செல்வதை நாம் தடுக்கவில்லை.

இது காவல்துறையின் வேலை, கோயிலில் எதற்கு என்று கேட்க வேண்டா. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், தனிமனித அறநெறி போதாது என்று கூறும் இடத்தில், வேகக் கட்டுப்பாட்டு விதிகளைப் புறக்கணிப்போரை வெளிப்படையாகவே கண்டித்தது. 2007இல் வத்திக்கான் வாகன ஓட்டிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளையே வெளியிட்டது. கொலை செய்யாதே என்னும் கட்டளை கத்தி ஏந்தியவனுக்கு மட்டும் உரியதன்று.

பெற்றோரே, உங்கள் மகன் விமானியானதில் நாமும் மகிழ்கிறோம். முந்நூறு உயிர்களைப் பத்திரமாகக் கரைசேர்ப்பது இறைவனுக்கு உகந்த தொண்டு. ஆனால் அவன் காரின் வேகத்தைச் சொல்லும்போது கைதட்டாதீர்கள். "மீனவர் குப்பத்தருகே எவ்வளவு வேகத்தில் வந்தாய்?" என்று கேளுங்கள். சுற்றி நிற்கும் தம்பிமார்களின் காதில் அவனுடைய பதில் விழட்டும். அவர்களும் நாளை அதே சாலையில்தான் வண்டி ஓட்டப் போகிறார்கள்.