கூடாரம் தைத்தவரும் பாதி மனதா?

வேலையை உதறிவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வராதவர் கர்த்தருக்குப் பாதி மனதைத்தான் கொடுத்தவர் என்று போன ஞாயிறு பிரசங்கித்தீர்கள், ஐயா. கையோடு காணிக்கைப் பை வந்தது. அதை நிரப்பியது யார் சம்பளம்?

கொரிந்துவில் பவுல் ஒன்றரை வருடம் இருந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் பேசினார். உழைத்துக் காய்த்த அந்தக் கை பாதி மனதின் அடையாளமா?

முழுநேர ஊழியத்துக்கு டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேலை உதாரணம் காட்டினீர்கள். 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை, உண்மைதான். ஆனால், 1931இல் விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையில் கழித்தவரும் அவர்தான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். ஓடியாடுவதுதான் அளவுகோல் என்றால் அந்த வருடங்களை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அன்று கடைசி பெஞ்சில், நைட் டியூட்டி முடித்துக் கண் சிவக்க வந்திருந்த நர்ஸ் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் கவனிக்கவில்லை. வரும் ஞாயிறு அவரிடம் முதலில் பேசுங்கள்.