எளியோர்க்கும் ஓர் ஆற்றுப்படை

பயணம் என்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. அயல்நாட்டுப் பயணம் என்றாலோ கேட்க வேண்டியதில்லை. அது செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கே உரியது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் தமிழ் இலக்கியம் கற்றோர் அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது. உலகில் வழிகாட்டி நூல்கள் பல உள. அவற்றுள் வறியவன் ஒருவன் மற்றொரு வறியவனுக்கு வழி சொல்வதையே இலக்கிய வகையாக்கிய பெருமை நம் ஆற்றுப்படைக்கு உண்டு.

பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, பசியோடு எதிர்வரும் தன் இனத்தானைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் கூறி ஆற்றுப்படுத்துகிறான். சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும் உணவு இன்னதென்று சொல்லப்படுகிறது. மலைபடுகடாம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. விலங்குகட்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் என வழியின் இடர்களையெல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. வழி, தங்குமிடம், உணவு, இடர் ஆகிய நான்கையும் முன்னரே அறிந்து புறப்படுதலே எளியவன் பயணத்தின் இலக்கணம். செல்வன் தன் பிழைகளைப் பணத்தால் திருத்திக்கொள்வான். எளியவனுக்கோ திட்டமே பணம்.

இன்று நம் இளைஞர்கள் கடல் கடக்காமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் இரண்டு வாயில்கள் வழியாகவே கடக்கின்றனர். ஒன்று, முகவர் கையில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுக் கூலிக்குச் செல்லும் வாயில். மற்றொன்று, குழுச் சுற்றுலா என்னும் பெயரால் நான்கு நாள்களில் எல்லாவற்றையும் காட்டித் திருப்பி அனுப்பும் வாயில். முன்னாள் மாணவர் ஒருவர் அத்தகைய சுற்றுலா ஒன்றில் மலேசியா சென்று வந்து என்னைக் காண வந்தார். கையில் மிட்டாய்ப் பெட்டி இருந்தது. "என்ன கண்டீர்?" என்றேன். இரட்டைக் கோபுரமும் இரண்டு அங்காடிகளும் என்றார். அந்நாட்டார் ஒருவரோடேனும் பேசினீரா என்று கேட்டபோது அவரிடம் விடையில்லை. பயணத்திற்காக வாங்கிய கடனுக்கு மட்டும் அவர் இன்றளவும் தவணை கட்டி வருகிறார்.

முதல் வாயிலில் செல்பவன் உழைப்பை விற்கிறான். இரண்டாவதில் செல்பவன் பணத்தை இறைக்கிறான். இருவருமே நாட்டைக் காண்பதில்லை. கற்போனாகச் செல்லும் மூன்றாவது வாயில் ஒன்று நமக்கு வேண்டும். முதுகில் ஒரு பை, கையில் ஒரு குறிப்பேடு, உள்ளத்தில் ஒரு திட்டம் ஆகிய மூன்றும் அதற்குப் போதும் என்பது என் துணிபு. அண்மையிலுள்ள மலேசியாவையே சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

காலம் அறிதல்

வெப்பமண்டல நாட்டில் கோடை, குளிர் என்னும் பிரிவு இல்லை. மழையே பருவத்தை வகுக்கிறது. மலாயத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். அக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் பெர்ஹெந்தியான், ரெடாங் முதலிய தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் மூடப்படும். மேற்குக் கரைக்கோ சுமத்ராத் தீவு அரணாக நிற்கிறது. அங்கே ஏப்ரல், அக்டோபர் ஆகியவற்றை ஒட்டிய மாதங்களில் பிற்பகல் இடிமழை மிகுதி. ஆதலின் திசம்பர் விடுமுறையில் செல்வோன் கிழக்குக் கரையை நாடுவது பணத்தைக் கடலில் எறிவதை ஒக்கும். மே மாதத்தில் மேற்குக் கரைக்குச் செல்வோன் காலையில் ஊர் சுற்றி, மழை இறங்கும் பிற்பகலில் அருங்காட்சியகத்திற்குள் புகுந்துகொள்ள வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நோன்புப் பெருநாளை ஒட்டி அந்நாட்டு மக்கள் தத்தம் சொந்த ஊர்களுக்குத் திரள்வர். அந்நாள்களில் பேருந்திலும் தொடர்வண்டியிலும் இடம் கிடைப்பது அரிது. பெருநாள் காண விரும்புவோன் ஓரிடத்திலேயே தங்கிக் காண்க. ஊர் ஊராக அலைய எண்ணற்க.

வழி வகுத்தல்

புதிதாகச் செல்வோர் செய்யும் முதற்பிழை, ஊர்களின் எண்ணிக்கையைப் பெருக்குதல். ஒவ்வோர் இடமாற்றமும் ஒரு கட்டணத்தையும் அரை நாளையும் விழுங்கிவிடும். பன்னிரண்டு நாள்களுக்கு ஐந்து ஊர்கள் போதும். அவையும் சென்ற வழியே மீளாமல், தெற்கிலிருந்து வடக்காக ஒரே கோட்டில் அமைதல் வேண்டும்.

சென்னையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. அவ்விமான நிலையம் நகருக்கு வெகு தெற்கே உள்ளது. எனவே நகருக்குள் சென்று திரும்பாமல் அங்கிருந்தே பேருந்தில் மலாக்கா செல்லலாம். 1511இல் போர்த்துக்கீசியரிடமும், 1641இல் ஒல்லாந்தரிடமும், 1824இல் ஆங்கிலேயரிடமும் கைமாறிய துறைமுக நகர் அது. 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலும், அவற்றினும் பழைய சீனக் கோயிலான செங் ஹூன் தெங்கும் நடந்தே கண்டுவிடும் தொலைவில் அடுத்தடுத்து உள்ளன. இவற்றைக் காணக் கால்களே வாகனம். மலாக்காவில் இரண்டு இரவுகள்.

அடுத்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் கோலாலம்பூர். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் 1909இல் கட்டப்பட்ட ஜாமிக் பள்ளிவாசல், 1998இல் திறக்கப்பட்ட இசுலாமியக் கலை அருங்காட்சியகம், 272 படிகள் கொண்ட பத்துமலை ஆகியவற்றை நகரத் தொடர்வண்டியின் துணையோடு கண்டுவிடலாம். இங்கு மூன்று இரவுகள்.

பின்னர்க் கேமரன் மலை. 1885இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரால் அம்மலை வழங்குகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். 1929இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் இங்குள்ளன. பச்சைக் கம்பளம் என்று வியந்து படம் எடுத்து வருவதோடு நில்லாமல், அக்கம்பளத்தை நெய்த கைகள் எவருடையவை என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலாயாவின் தோட்டங்களில் தமிழரின் வியர்வை எவ்வளவு சிந்தியது என்பதைப் பாடநூலில் படிப்பது வேறு. அச்சரிவில் நின்று உணர்வது வேறு. மலையில் இரண்டு இரவுகள் தங்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஈப்போவுக்கு இறங்கலாம். ஈயத்தால் செழித்த அந்நகரில் ஓர் இரவு. அங்கிருந்து மின்தொடர்வண்டியில் பட்டர்வொர்த் சென்று, படகேறினால் பினாங்கு. அங்கு மூன்று இரவுகள். மீட்சிக்குப் பட்டர்வொர்த்திலிருந்து தொடர்வண்டி உண்டு. இறுதி நாளில் விடியலிலேயே புறப்பட்டு, இரவு விமானத்தையே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

செலவு அறிதல்

வரவறிந்து செலவு செய்தல் நம் இல்லங்களில் அன்னையர் கற்பித்த பாடம். பயணச் செலவை விமானம், தங்கல், ஊரிடைப் போக்குவரத்து, உணவு, நுழைவுக் கட்டணம் என ஐந்தாகப் பிரித்தெழுதுக. ஆறாவதாக, தொடக்கூடாத இருப்புத்தொகை ஒன்றையும் ஒதுக்குக. விமானக் கட்டணம் முன்பதிவாலும் வார நாள்களில் செல்வதாலும் குறையும். சிக்கன விமானங்கள் பலவற்றில் 7 கிலோ கைப்பைக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆதலால் மூன்று மாற்றுடையோடு செல்க, விடுதியில் துவைத்துக்கொள்க. பலர் தங்கும் கூட்டறைகளில் கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்தால் போதும். அயல்நாட்டுப் பயணியரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி பெறும் முறை 2017இல் வந்தது. அறை பதியும்போது அவ்வரி வாடகையில் அடங்குமா என்று கேட்டறிக.

இரவுப் பேருந்தில் சென்றால் விடுதிச் செலவு மிஞ்சும் என்பர். நெடுந்தொலைவு கொண்ட நாட்டில் அது மெய். மேற்குக் கரை ஊர்களிடையே இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையே பயணம். நள்ளிரவில் ஏறினால் பின்னிரவில் அறியாத ஊரில் இறக்கிவிடுவர். அதனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

உணவைப் பற்றி நம்மவர் கவலைகொள்ள வேண்டுவதில்லை. ஆகுமான உணவு எங்கும் கிடைக்கும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளை அந்நாட்டார் 'மாமாக்' கடை என்பர்; 'மாமா' என்னும் நம் உறவுச்சொல்லே அவ்வாறு வழங்குகிறது. தோளில் காவடிபோற் சுமந்து விற்ற சோறே இன்று 'நாசி கண்டார்' எனப் புகழ்பெற்றுள்ளது.

காக்க வேண்டியவை

2023 திசம்பர் 1 முதல் இந்தியர்க்கு 30 நாள் வரை நுழைவிசைவு வேண்டாம் என்னும் சலுகையை மலேசியா வழங்கியது. அது காலவரையறை உடையது. புறப்படுமுன் நடப்பு நிலையை உறுதி செய்க. வருகைக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்புதல் கட்டாயம். திரும்பும் விமானச் சீட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருத்தல் நன்று. மருத்துவக் காப்பீடு இன்றிச் செல்லற்க.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்தமாகச் சொல்ல விழைகிறேன். அறிமுகமற்றோர் தரும் பையையோ பொட்டலத்தையோ எக்காரணம் கொண்டும் சுமக்கற்க; போதைப்பொருள் குற்றத்திற்கு அந்நாட்டுச் சட்டத்தில் மரண தண்டனைக்கும் இடமுண்டு. சுற்றுலாவுக்கெனச் சென்று வேலையில் அமர்தலும், நாள் கடந்து தங்குதலும் சட்டத்திற்கு மாறானவை. "முதலில் சுற்றுலாவாகச் செல், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறும் முகவனின் சொல் மலைபடுகடாம் எச்சரிக்கும் பொறியை ஒத்தது.

தடையும் விடையும்

'முதலில் நம் நாட்டைப் பார்க்கட்டும்' என்பர் பெரியோர். முற்றிலும் உடன்படுகிறேன். அதே பையோடு, அதே கணக்கேட்டோடு மூன்று நாள் தமிழகத்தில் சுற்றிப் பழகாதவன் கடல் கடக்கத் தகுதியற்றவன். 'வீண் செலவு' என்பர் சிலர். தந்தையின் வியர்வையிலிருந்தோ வட்டிக் கடனிலிருந்தோ எடுத்துச் செலவிட்டால் அது வீண் செலவே. இரண்டாண்டு மாலை வேளைகளில் சிறார்க்குப் பாடம் சொல்லித் தானே ஈட்டிச் சேமித்த பொருளாயின், அது கல்விச் செலவாகும். 'பெண்மக்கள்?' என்று தயங்குவோரும் உளர். பெண்டிர்க்கெனத் தனிக் கூட்டறை உள்ள விடுதிகள் உண்டு. ஆசிரியை ஒருவர் துணையாக நால்வர் ஐவராகச் செல்லத் தடை என்ன? காணும் உரிமை மைந்தர்க்கு மட்டும் உரியதன்று.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரமும் மலாக்காவும் 2008இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அந்த ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. சூலியர் என்பது தமிழகக் கரையிலிருந்து சென்று வணிகம் செய்த முஸ்லிம்களைக் குறித்த பெயர். 1801இல் அச்சமூகத்தின் தலைவர் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதன் அருகே நிற்கிறது. முதுகில் பை சுமந்து வரும் உலக நாட்டு இளைஞர்கள் தங்கும் எளிய விடுதிகள் நிறைந்த தெருவும் அதுவே. எங்கெங்கிருந்தோ வரும் இளைஞர்கள் அங்கே தங்குகின்றனர். அத்தெருவிற்குப் பெயர் தந்தோரின் வழித்தோன்றல்களோ, அது நமக்கு எட்டாது என்று இங்கே அமர்ந்திருக்கிறோம்.

இறுதியாக, நம் கல்லூரிப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலாவுக்கு நிதி கேட்கவில்லை. நூலகத்தில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு பேரேடும் கேட்கிறேன். சென்று மீளும் ஒவ்வொரு மாணவரும் தாம் சென்ற வழி, கொடுத்த கட்டணம், தங்கிய இடம், செய்த பிழை ஆகியவற்றை அதில் எழுதி வைக்கட்டும். அடுத்துச் செல்பவர் அதனைப் படித்துப் புறப்படட்டும். தான் பெற்றதை மற்றவனும் பெறுக என்று வழியில் நின்று சொன்ன பாணனின் பண்பு அதுவன்றோ? ஆற்றுப்படையைத் தேர்வுக்காகப் படித்தது போதும். இனி நாமும் ஒன்று எழுதுவோம்.