காஞ்சியில் எங்கே சாப்பிடலாம்? – ஒரு மளிகைக்காரர் பார்வை

‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்’ என்பது பழமொழி. தறிக் குழியில் உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்கிற நெசவாளரைப் பற்றிச் சொன்னது அது. காலாட்டுகிறவருக்கும் வயிறு உண்டு. அவர் நெய்த பட்டை வாங்கக் கல்யாணக் கூட்டமாக வருகிறவருக்கும் வயிறு உண்டு. ஏகாம்பரநாதரையும் காமாட்சி அம்மனையும் வரதராஜப் பெருமாளையும் தரிசிக்க வருகிறவருக்கும் வயிறு உண்டு. இந்த மூன்று கூட்டத்தை நம்பித்தான் நம் ஊரில் ஓட்டல்கள் நடக்கின்றன. அந்த ஓட்டல்களை நம்பி நம் மளிகைக் கடைகள் நடக்கின்றன. ஆகவே ஊரில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்பது வெறும் நாக்கு ருசி சம்பந்தப்பட்ட விஷயமல்ல. நம் வியாபாரம் சம்பந்தப்பட்ட விஷயம்.

வெளியூர் வியாபாரிகளும் உறவினர்களும் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “உங்கள் ஊரில் எங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?” என்பது. வாய்மொழியாகப் பெயர் சொல்லி அனுப்புகிறோம். இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. ஓட்டல்காரர்கள் எல்லோரும் நம் வாடிக்கைக்காரர்கள். ஒருவர் பெயரை எழுதி இன்னொருவரை விட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். பெயரைவிட, நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னால் எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும்.

சரக்குச் சீட்டு சொல்லும்

ஒரு ஓட்டலின் சமையலறைக்குள் மளிகைக்காரர் போக வேண்டியதில்லை. அங்கிருந்து வரும் சரக்குச் சீட்டே போதும். ‘மிளகு, கனமான சரக்காக’ என்று எழுதுகிறவரின் பொங்கல் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ‘எது விலை குறைவோ அது’ என்று எழுதுகிறவரின் பொங்கலும் தெரியும். நாட்டு உளுந்து கேட்கிறவர் உண்டு. பர்மா உளுந்தே போதும் என்கிறவர் உண்டு. பர்மா உளுந்து கெட்ட சரக்கல்ல. ஆனால் எந்த உளுந்து எவ்வளவு மாவு காணும் என்று ஊற வைத்துப் பார்த்து, அரிசிக் கணக்கை மாற்றிக்கொள்கிறவரே நல்ல சமையல்காரர். அதேபோல, எண்ணெய் டின் எத்தனை நாளைக்கு ஒன்று போகிறது என்பதைக் கவனித்தால் வடைச் சட்டியில் பழைய எண்ணெய் எத்தனை நாளாகக் காய்கிறது என்பதும் தெரிந்துவிடும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் கெடுதலான பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதிகாரி வந்து அளந்து பார்ப்பதற்கு முன்பே மளிகைக்காரரின் பேரேடு அளந்து சொல்லிவிடும்.

நாம் சாப்பிடும் இடங்கள்

விடியற்காலையில் ராஜாஜி மார்க்கெட் பக்கம் லாரியில் காய்கறி இறங்கும் நேரத்தில் சுமை தூக்குகிறவர்களுக்காகத் திறக்கும் சிறு இட்லிக் கடைகள் முதலிடம் பெறும். மூட்டை தூக்குகிறவர் வயிற்றை ஏமாற்ற முடியாது. இட்லி கல்லாக இருந்தால் மறுநாள் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அங்கே போர்டு கிடையாது, கூட்டமே போர்டு.

பேருந்து நிலையம், நெல்லுக்காரத் தெரு, காந்தி ரோடு வட்டாரத்தில் டிபனுக்கும் காபிக்கும் பழக்கமான ஓட்டல்கள் உண்டு. காலை ஏழு மணிக்குள் போனால் பொங்கல், வடை, டிகிரி காபி எல்லாம் சூடாகக் கிடைக்கும். முகூர்த்த நாட்களில் புடவை எடுக்க வருகிற கூட்டம் பத்து மணிக்கு மேல் மொய்க்கும். அப்போது பரிமாறுகிறவருக்கும் நிதானம் இருக்காது.

பிள்ளையார்பாளையம் பக்கத்தில், தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில், வீட்டுத் திண்ணையிலேயே அடுப்பு வைத்து இட்லியும் ஆப்பமும் விற்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் மசால் வடை, போண்டா. நெசவாளர் வீட்டில் தறி நின்றால் அன்று அங்கே வியாபாரமும் நின்றுவிடும். பட்டு விலை ஏறி ஆர்டர் குறைகிற மாதங்களில் அவர்கள் கடலை மாவு வாங்குவது பாதியாகிறது. பட்டுச் சந்தை நிலவரம் செய்தித்தாளுக்கு வருமுன் நமக்குத் தெரிவது இப்படித்தான்.

கோயில் இட்லி என்றால் சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்தான். பெருமாளுக்கு நைவேத்தியமாகும் இட்லி பிரசாதக் கடையில் கிடைக்கிறது. புளியோதரையும் உண்டு. நம் ஊர்ப் பெயரில் உலகமெங்கும் விற்கும் பண்டத்தின் மூலம் அதுதான். நம்முடைய கவலையும் அதைப் பற்றித்தான்.

பெயர் இருக்கிறது, பண்டம் எங்கே?

காஞ்சிபுரம் இட்லி என்பது சாதாரண இட்லி மாவில் மிளகும் சீரகமும் தாளித்துக் கொட்டியது அல்ல. பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, சுமார் மூன்று மணி நேரம் ஆவியில் வேக வைப்பது. குடலை இட்லி என்ற பெயர் அதனால் வந்தது. மந்தாரை இலையின் வாசனை அதில் ஏறும். சுக்கும் மிளகும் சேர்வதால் சீரணத்துக்கு நல்லது. ஓரிரு நாள் வைத்திருந்தாலும் கெடாது. வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவதற்கே ஏற்ற பண்டம்.

இன்று நடப்பதென்ன? சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பொன்னேரிக்கரை, வெள்ளை கேட் என்று நம் ஊருக்குள் வராமலே கடந்து போகிறவர்கள் சாலையோர ஓட்டலில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று எழுதியிருப்பதைக் கண்டு வாங்குகிறார்கள். டம்ளரில் ஊற்றி இருபது நிமிடத்தில் எடுத்த மிளகு இட்லி வருகிறது. “இதற்குத்தானா இவ்வளவு பெயர்?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஊருக்குள்ளும் பல இடங்களில் இதே கதைதான். மிளகு இட்லி விற்பது குற்றமல்ல. அதை மிளகு இட்லி என்றே விற்கட்டும் என்கிறோம்.

பட்டில் நாம் பார்த்ததை மறந்துவிடக் கூடாது. விசைத்தறிச் சேலையையும் போலி ஜரிகைச் சேலையையும் காஞ்சிபுரம் பட்டு என்று விற்றவர்களால், அசல் கைத்தறி நெய்தவர்தான் அடி வாங்கினார். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பிறகும், வாங்க வருகிறவர் “இது அசல்தானா?” என்று மூன்று முறை கேட்கிறார். நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால் முத்திரை குத்தித் திரும்பக் கொண்டு வருவது சுலபமல்ல. இட்லிக்கும் அந்த நிலை வர வேண்டுமா?

ஓட்டல்காரர்கள் சொல்லும் பதிலும் நியாயமானதுதான். மூன்று மணி நேர எரிபொருள் யார் தருவது? மிளகு விற்கிற விலையில் கட்டுமா? முழுக் குடலை செய்து மிஞ்சிப் போனால் நஷ்டம் யாருக்கு? என்று கேட்கிறார்கள். நம் பதில் இது. குடலை இட்லியை முழுதாக விற்க வேண்டியதில்லை. வெட்டித் துண்டாக விற்கலாம். கெடாத பண்டம் என்பதால் காலையில் மிஞ்சியது மாலைக்கு ஆகும். தினமும் செய்ய முடியாதவர் சனி, ஞாயிறு, முகூர்த்த நாள், வைகாசிக் கருட சேவை போன்ற கூட்ட நாட்களில் மட்டும் செய்யட்டும். நெய்க்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தச் செலவில் கொஞ்சம் மூச்சு விடலாம். இலைக்கும் வழி இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பார்சலுக்கு வாழை இலையும் மந்தாரைத் தையல் இலையும் திரும்ப வந்தால் சட்டத்துக்கும் சரி, ருசிக்கும் சரி.

அத்தி வரதர் கற்பித்த பாடம்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்தி வரதர் வைபவம் நடந்தது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஊரில் இரண்டு வகை வியாபாரம் நடந்தது. கூட்டத்தைக் கண்டதும் இட்லி விலையைத் தாறுமாறாக ஏற்றி, சாம்பாரில் தண்ணீர் ஊற்றியவர்கள் ஒரு வகை. வழக்கமான விலைக்கே கொடுத்து, வரிசையில் நின்று களைத்த பெரியவர்களுக்கு மோரும் கொடுத்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் அந்த 48 நாளில் நிறையப் பார்த்தார்கள். ஆனால் அடுத்த அத்தி வரதர் 2059இல்தான். இடையில் இருக்கும் 40 வருடத்துக்கும் வாடிக்கை வேண்டுமே! மறு வருடம் ஊரடங்கு வந்து, பார்சல் மட்டும் என்று ஆனபோது, வீட்டுக்கு வீடு போன் செய்து வாங்கிப் பிழைக்க வைத்தது உள்ளூர் வாடிக்கைதான். அந்த வாடிக்கை இரண்டாம் வகையினருக்கே இருந்தது.

நம் பங்கு என்ன?

ஓட்டல்காரரை மட்டும் குறை சொல்லி நாம் ஒதுங்க முடியாது. சரக்கு நம் கடையிலிருந்துதான் போகிறது. ஆகவே சங்க உறுப்பினர்கள் சிலவற்றை யோசிக்க வேண்டுகிறோம்.

மிளகு, பெருங்காயம், சுக்கு மூன்றிலும் மட்டச் சரக்கை நல்ல சரக்கோடு கலந்து கொடுப்பதில்லை என்று நாம் உறுதி செய்துகொள்ள வேண்டும். தரம் இரண்டு இருந்தால் இரண்டு மூட்டையாக, இரண்டு விலையாக இருக்கட்டும்.

திண்ணைக் கடை நடத்தும் அம்மாக்களுக்கு வாரக் கடன் கொடுக்கத் தயங்கக் கூடாது. பெரிய ஓட்டலின் மூன்று மாத பாக்கியைவிட, சனிக்கிழமைதோறும் முந்தானையில் முடிந்து கொண்டு வந்து கொடுக்கும் அவர்கள் பணம் பத்திரமானது.

அசல் முறையில் குடலை இட்லி செய்கிற ஓட்டல்களில், இன்ன நாளில் இன்ன நேரத்தில் கிடைக்கும் என்று பலகை வைக்கச் சொல்லலாம். அப்படிப்பட்ட இடங்களின் பட்டியலைச் சங்கமே தயாரித்துப் பட்டுக் கடைகளில் ஒட்டலாம். புடவை எடுக்க வந்தவர் “சாப்பாடு எங்கே?” என்று முதலில் கேட்பது பட்டுக் கடைக்காரரைத்தான்.

2021இல் நம் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. பெரிய பெரிய பெயர்ப் பலகைகள் வருகின்றன, இன்னும் வரும். அவர்களோடு குளிர்சாதன வசதியில் நாம் போட்டி போட முடியாது. கைப்பக்குவத்திலும் நாணயத்திலும் போட்டி போடலாம். காஞ்சிபுரம் என்ற பெயரை நாம் யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. முன்னோர் சேர்த்து வைத்த முதல் அது. முதலைத் தின்று வியாபாரம் செய்கிறவன் எத்தனை நாள் கடை திறப்பான் என்பதை வணிகப் பெருமக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.