குற்றவியல் படிப்பு கோப்புக்குள் இறங்கட்டும்

2004-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கில் எதிர்மனுதாரர் கோரமங்களா காவல் நிலையம். பெங்களூரின் அடுகோடியை ஒட்டிய பகுதி அது. மனுதாரரின் பெயர் செல்வி. கொலை வழக்கு ஒன்றில் குற்றம்சாட்டப்பட்டவர்களை அவர்கள் சம்மதிக்காவிட்டாலும் உண்மை கண்டறியும் சோதனைகளுக்கு உட்படுத்தலாமா என்பதே கேள்வி. உட்படுத்தலாம் என்றது உயர் நீதிமன்றம். பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்களும் அந்தக் காலத்தில் அதே வழியில்தான் போயின. 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. நார்கோ சோதனை, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைப் பதிவு ஆகிய மூன்றில் எதையும் ஒருவர் மீது வலிந்து செலுத்தக் கூடாது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு அது விரோதம் என்றது.

குற்றவியல் சட்டத்தில் எல்.எல்.எம். படிக்கும் எவரும் இந்தத் தீர்ப்பைத் தவிர்க்க முடியாது. ஆனால், எப்படிப் படிக்கிறார்கள்? 20(3) என்ன சொல்கிறது, 1961-ல் காத்தி காலு ஒகத் வழக்கில் 11 நீதிபதிகள் கைரேகையையும் கையெழுத்து மாதிரியையும் அந்தப் பாதுகாப்பிலிருந்து ஏன் விலக்கிவைத்தார்கள், நந்தினி சத்பதி வழக்கு (1978) மௌனத்துக்கு எவ்வளவு இடம் தந்தது என்று வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. இளநிலை மாணவர் இதையே பத்து வரியில் எழுதுகிறார், முதுநிலை மாணவர் பத்துப் பக்கத்தில் எழுதுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான் என்றால் அந்தப் பட்டம் எதற்கு?

முதுநிலையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நாட்டில் இத்தனை நகரங்கள் இருக்க, இந்தச் சோதனைகளுக்குப் பெங்களூரு ஏன் மையமானது? முத்திரைத்தாள் மோசடியில் சிக்கிய அப்துல் கரீம் தெல்கி முதல் கேரளத்தின் சிஸ்டர் அபயா வழக்கில் சந்தேகிக்கப்பட்டவர்கள் வரை இங்கே கொண்டுவரப்பட்டது எதனால்? சோடியம் பென்டத்தால் ஊசியைப் போட்ட மருத்துவரின் பொறுப்பு என்ன? அந்த மயக்கத்தில் வந்த சொற்களை வைத்துக் காவல் துறை எதைக் கண்டெடுத்தது, விசாரணை நீதிமன்றங்கள் அதை எப்படி நடத்தின? இந்தக் கேள்விகளுக்குத் தீர்ப்பு ஏடுகளில் விடை கிடைக்காது. ஆய்வகத்திலும் காவல் நிலையத்திலும் கீழமை நீதிமன்றத்தின் ஆவண அறையிலும்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடுவதற்கு அடுகோடியைப் போல வாய்த்த இடம் தென்னிந்தியாவில் குறைவு. மாநகர ஆயுதப் படையின் வளாகம் இங்கே இருக்கிறது. ஓசூர் சாலையில் சற்றுத் தள்ளி, சட்டப் பள்ளியுடன் கிறைஸ்ட் பல்கலைக்கழகம். அதே சாலையில், மனநலம் பாதித்த கைதிகளின் நிலையை மதிப்பிடச் சொல்லி நீதிமன்றங்கள் அணுகும் நிமான்ஸ். தெற்கே மடிவாளாவில் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம். முன்பு சொன்ன சோதனைகளோடு நாடெங்கும் பேசப்பட்டது இதுதான். சாலையிலேயே இன்னும் போனால் பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறை. பிடிப்பது, ஆராய்வது, அடைப்பது, கற்பிப்பது எல்லாமே ஒரே சாலையில். ஆனால் இவற்றுக்கிடையே முதுநிலை மாணவரின் நடமாட்டம் மிகக் குறைவு. ஆண்டுக்கொரு முறை சிறைப் பார்வை, ஒரு குழுப் படம், ஓர் அறிக்கை என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஜெயலலிதா வழக்கை அறிந்த தமிழர்களுக்குப் பரப்பன அக்ரஹாராவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தச் சொத்துக் குவிப்பு வழக்கைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2003 நவம்பரில். நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா, ஜெயலலிதாவுக்கு நான்காண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது 2014 செப்டம்பர் 27-ல். 2015 மே மாதம் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டது. அதற்குள் ஜெயலலிதா மறைந்திருந்தார். தமிழ்நாட்டில் இந்த வழக்கை அரசியலாகப் பேசாத தெரு இல்லை. சட்டமாகப் பேசியவர்கள் எத்தனை பேர்? வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றினால் அரசு வழக்கறிஞரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு, மேல்முறையீட்டின்போது குற்றம்சாட்டப்பட்டவர் இறந்தால் அபராதம் என்னவாகும், பொது ஊழியரின் வருமானத்தையும் செலவையும் எந்த ஆவணத்தால் நிரூபிப்பது என அந்த ஒரே கோப்பிலிருந்து பல ஆய்வேடுகள் எழுதலாம். கடன் தொகைகளைக் கூட்டியதில் உயர் நீதிமன்றம் செய்த பிழை மேல்முறையீட்டில் எவ்வளவு பெரிதானது என்பது நினைவிருக்கலாம். கணக்கு வழக்கைப் படிக்கத் தெரியாதவர் ஊழல் வழக்கைப் படிக்க முடியாது. நமது பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

இன்றைய குற்ற வழக்கு பெரும்பாலும் சட்ட வாதத்தில் தோற்பதில்லை, சான்றில்தான் தோற்கிறது. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது தேனி மாவட்டத்தின் சுருளி அருவி வழக்கால். 2011 மே மாதம் அங்கே ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளாகியிருந்தார். குற்றம்சாட்டப்பட்டவருக்கு 2018-ல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, 2019-ல் மதுரைக் கிளை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கு பெரிதும் நம்பியிருந்தது டிஎன்ஏ சான்றை. அந்த மாதிரிகள் ஆய்வகம் போய்ச் சேர்வதில் விளக்கப்படாத தாமதம். இடைப்பட்ட நாட்களில் அவை யாரிடம், எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதற்குச் சரியான பதில் இல்லை. கலப்பு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் நெறிமுறைகளை வகுத்தது. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும், தாமதமானால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். முத்திரையிட்ட பொட்டலத்தை விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றித் திறக்கக் கூடாது. ஒவ்வொரு கைமாற்றத்தையும் குறிக்கும் பதிவேடு வழக்கின் இறுதிவரை தொடர வேண்டும். இவ்வளவு எளிய விஷயங்களை உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்ல வேண்டியிருந்தது வேதனை. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு 14 ஆண்டுகள் கழித்தும் விடையில்லை. தூக்குக் கயிற்றின் நிழலில் ஏழாண்டு இருந்த ஒருவருக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. இதற்கு மூன்றாண்டு முன்பு, 2022 நவம்பரில், டெல்லி சாவ்லா வழக்கிலும் இதே கதைதான். டிஎன்ஏ அறிக்கையின் அடிப்படை சரியா என்று கீழ் நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை என்று சொல்லி மரண தண்டனைக் கைதிகளை விடுவித்தது உச்ச நீதிமன்றம்.

ஆய்வக அறிக்கை மேசைக்கு வந்ததும் வழக்கறிஞரும் நீதிபதியும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி முடிவை மட்டும் பார்க்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது? அறிக்கையைக் கேள்வி கேட்கக் கற்றுத்தராத சட்டக் கல்லூரியில். நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த ஒரு தலைமுறை வந்திருந்தால் சுருளி வழக்கு தேனியிலேயே சரியான முடிவை எட்டியிருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தத் தேவை இனி பன்மடங்காகும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டன. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கே வர வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு. ஐந்தாண்டுக்குள் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105. சட்டக் கல்லூரிகளிலோ பழைய பிரிவுக்குப் புதிய எண் என்ன என்ற அட்டவணையை மனப்பாடம் செய்யும் வேலை மும்முரமாக நடக்கிறது. எண்ணை எவரும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். பறிமுதல் காணொலியில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நீதிமன்றத்துக்குத் தேவை.

படிப்பின் காலம் பற்றிய சண்டை தனியாக நடக்கிறது. யுஜிசி 2012-ல் ஓராண்டு எல்.எல்.எம்.முக்கு வழிவகுத்தது, அதை ஒழிக்கும் விதிகளை 2021 ஜனவரியில் பார் கவுன்சில் கொண்டுவர, விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. என்னைப் பொறுத்தவரை காலம் இரண்டாம்பட்சம். மூன்று கட்டாயத் தாள்கள், சில விருப்பத் தாள்கள், நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய ஓர் ஆய்வேடு என்றே போனால் மூன்றாண்டு கொடுத்தாலும் பயன் இல்லை.

கள ஆய்வால் சட்டம் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு நாடெங்கும் சிறைகளுக்குப் போய் 373 மரண தண்டனைக் கைதிகளிடம் பேசி 2016-ல் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், ஒடுக்கப்பட்ட பிரிவினர் என்பதை அனுமானமாகச் சொன்ன காலம் அதோடு முடிந்தது. தண்டனை விதிக்கும் முன் கைதியின் பின்னணியையும் மனநிலையையும் சிறை நடத்தையையும் பற்றிய அறிக்கைகளைப் பெற வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பின்னால், இத்தகைய ஆய்வுகள் உருவாக்கிய சூழல் இருக்கிறது.

பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவருக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வாய்ப்பும் உண்டு. அடுகோடி, ஈஜிபுரா, ஓசூர் சாலை நெடுகிலும் தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் உழைப்பாளர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் சாட்சி ஆகலாம், குற்றம்சாட்டப்பட்டவரும் ஆகலாம். அவர் தமிழில் சொன்னது காவல் நிலையத்தில் கன்னடத்தில் எழுதப்படுகிறது, மேல்முறையீட்டில் ஆங்கிலமாகிறது. புரியாத மொழியில் பதிவாகும் சாட்சியத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அது எவ்வளவு தூரம் நடக்கிறது? நாட்டின் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகளாக இருக்கும்போது இது சின்னக் கேள்வி இல்லை. இரண்டு மொழியும் அறிந்த ஒரு மாணவர் ஓராண்டில் இதற்கு நேர்மையான பதில் தேடிவிட முடியும்.

தடையாக நிற்பது அனுமதி. முடிந்துபோன வழக்கின் ஆவணத்தைப் பார்க்கவே மாணவர் பல மேசைகள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வழக்கில் சம்பந்தப்படாதவருக்கும் தீர்ப்பு, உத்தரவுகளின் நகல் கொடுப்பதற்கு விதி வகுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு உண்டு. கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும். இறுதித் தீர்ப்பு வந்த வழக்குகளின் ஆவணங்களை, பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை மறைத்து, முதுநிலை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். மடிவாளா ஆய்வகமும் சென்னைத் தடய அறிவியல் துறையும் ஆண்டுக்குச் சில மாணவர்களையாவது பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். விசாரணை நீதிமன்றக் கோப்பு ஒன்றையாவது முழுதாகப் படிக்காத எவருக்கும் குற்றவியலில் எல்.எல்.எம். பட்டம் தருவதில்லை என்று பல்கலைக்கழகங்கள் வரும் கல்வியாண்டிலேயே முடிவெடுக்க வேண்டும்.