இணையவழிப் பங்குத் தரகும் பதிலளிக்கும் பொறுப்பும்

தரகரின் அலுவலகத்துக்கு நேரில் சென்று கையொப்பமிட்டுப் பங்கு வாங்கிய காலம் மலையேறிவிட்டது. கையடக்கத் தொலைபேசியில் சில நிமிடங்களில் கணக்கைத் திறந்து, தரகுக் கட்டணமின்றிப் பங்கு வாங்கும் வழியை அமெரிக்காவின் ரொபின்ஹூட் நிறுவனம் பரவலாக்கியது. சிறு முதலீட்டாளருக்கும் சந்தையின் கதவு திறக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆனால், உள்ளே சென்றவர் இடறி விழும்போது கைகொடுப்பதற்கு அங்கு எவரேனும் உள்ளனரா என்ற வினாவுக்குக் கசப்பான விடையே கிடைத்தது.

2020 ஜூன் மாதத்தில் 20 வயது மாணவர் ஒருவரின் ரொபின்ஹூட் கணக்கில் 7 இலட்சத்து 30 ஆயிரம் டொலர் குறைநிலுவை இருப்பதாகத் திரை காட்டியது. குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமையளிக்கும் தெரிவுரிமை ஒப்பந்தங்களில் அவர் ஈடுபட்டிருந்தார். ஒப்பந்தத்தின் ஒரு பகுதி நிறைவேறி மறுபகுதி நிறைவேறாத இடைவெளியில் தோன்றிய தொகையே அது. மறுபகுதி அதனை ஈடுசெய்யக் கூடியதாகவே இருந்தது. விளக்கம் கோரி அவர் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குத் தன்னியக்கப் பதில்களே கிடைத்தன எனக் குடும்பத்தினர் பின்னர் தமது வழக்கில் தெரிவித்தனர். இதனை எடுத்துரைக்க ஒரு மனிதக் குரல் கிடைக்கும் முன்னரே அம்மாணவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

அமெரிக்கத் தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பு 2021 ஜூனில் ரொபின்ஹூட்டுக்கு 57 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. வாடிக்கையாளருக்குச் சுமார் 12.6 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்கவும் பணித்தது. பிழையான நிலுவைகளைக் காட்டியமை, தெரிவுரிமை வியாபாரத்துக்கான அனுமதியைப் போதிய மேற்பார்வையின்றிக் கணினி நிரல்களிடம் விட்டமை, 2020 மார்ச்சில் சந்தை கொந்தளித்த வேளையில் சேவை முடங்கியமை என்பன குற்றச்சாட்டுகளில் அடங்கின.

2021 ஜனவரி 28ஆம் திகதி நிகழ்ந்ததோ வேறு. கேம்ஸ்டொப் பங்கின் விலை கட்டுக்கடங்காது உயர்ந்தபோது, கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கும் நிறுவனம் சுமார் 3 பில்லியன் டொலர் காப்பு வைப்பை ரொபின்ஹூட்டிடம் கோரியது. பின்னர் அத்தொகை குறைக்கப்பட்டது. எனினும், அன்றே அப்பங்கை வாங்குவது தடுக்கப்பட்டது. விற்பதற்கு மட்டும் அனுமதி இருந்தது. இடர்க் கட்டுப்பாடு அவசியமானதே. ஆயினும், நிறுவனத்தின் மூலதனத்துக்கு ஆபத்து நேர்ந்தால் சில மணித்தியாலங்களில் விழித்தெழும் பொறிமுறை, வாடிக்கையாளர் தத்தளிக்கும்போது உறங்கிக் கிடக்கலாமா?

2021 ஒக்டோபரில் ரொபின்ஹூட் 24 மணிநேரத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது. காலம் தாழ்த்தியேனும் எடுக்கப்பட்ட நல்ல முடிவு இது. ஆனால், மறுமாதமே வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவரைத் தொலைபேசியில் ஏமாற்றிய விஷமி, சுமார் 50 இலட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளைக் கைப்பற்றினார். ஆளை அமர்த்தினால் மட்டும் போதாது, அவருக்குப் பயிற்சியும் வரையறுத்த அதிகாரமும் வேண்டும் என்பதையே இது உணர்த்துகின்றது.

வாடிக்கையாளர் சேவை என்பது நிறுவனம் மனமுவந்து அளிக்கும் சலுகையன்று. அதுவும் இடர்க் கட்டுப்பாட்டின் ஓர் அங்கமே. கடன் வாங்கி வியாபாரம் செய்யவும் தெரிவுரிமை ஒப்பந்தம் செய்யவும் இடமளிக்கும் நிறுவனம், எத்தனை மணித்தியாலத்தில் ஒரு மனிதர் பதிலளிப்பார் என்பதைக் கூறக் கடமைப்பட்டுள்ளது. ஒழுங்குபடுத்துவோர் மூலதனத்தை அளப்பதைப் போன்று இதனையும் அளக்க வேண்டும். முதலீட்டாளரும் பணத்தை வைப்பிலிடும் முன்னர் இக்கேள்வியைக் கேட்பதே விவேகமானது.